காருக்குள் பெற்றோல் மணக்கிறதா? எப்போது மணக்கிறது என்று முதலில் கவனியுங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய ஜப்பான் கார், உள்ளே பெற்றோல் மணம். கராஜில் பார்த்துவிட்டு "ஒழுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வாசனைப் போத்தல் தொங்கவிட்டும் போகவில்லை, பிள்ளைகளுக்குத் தலையிடி. என்ன செய்யலாம்?

முதலில் அந்த வாசனைப் போத்தலைக் கழற்றி எறியுங்கள். இந்த ஆபத்தை உங்களுக்குச் சொல்ல உங்கள் மூக்கைத் தவிர வேறு கருவி காரில் இல்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கி இருக்கைகளுக்கு அடியில் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்திருந்தாலே ஒரு பொறி போதும்.

எரிபொருள் மணத்தைப் பொருட்படுத்தாத பழக்கம் வன்னியில் நமக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறு போத்தல் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. 2022இல் வரிசையில் நின்று வாங்கியதைக் கானில் ஊற்றிப் பத்திரப்படுத்தினோம். ஆனால் யன்னல்களைப் பூட்டி, ஏசி போட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் காருக்குள் பெற்றோல் மணப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இனி விடயத்துக்கு வருவோம். மணம் எப்போது வருகிறது என்பதுதான் ஒழுக்கு எங்கே என்று காட்டும்.

தாங்கியை நிரப்பிய அன்று கடுமையாக மணந்து, பாதி ஓடி முடிந்ததும் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் குறை தாங்கியின் மேற்பக்கத்தில் இருக்கிறது. பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் வட்டமான ஒரு தகர மூடி தெரியும். அதன் கீழே பெற்றோல் பம்ப். பம்பின் தலைக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு றப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து வெடித்தாலோ, யாரோ பம்ப் மாற்றும்போது பழையதையே திரும்பப் போட்டிருந்தாலோ, நிரம்பிய தாங்கி குலுங்கும்போதெல்லாம் கசியும். அங்கே படிந்திருக்கும் புழுதியைப் பாருங்கள். கிரவல் வீதியில் ஓடும் கார் என்றால் செம்மண் தூள் கட்டாயம் இருக்கும். கசிவுள்ள இடத்தில் அந்தத் தூள் கறுத்து, ஈரமாக ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் வெளிறிய கோடு விட்டிருக்கும். அந்தக் கறையைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். புது வளையம் அதிக விலையில்லை; பழையதைக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். கூடவே பெற்றோல் நிரப்பும் வாயின் மூடியிலுள்ள வளையத்தையும், அந்த வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் தடித்த ஹோஸையும் பார்த்துவிடுங்கள்.

பெற்றோல் செற்றில் பெற்றோல் அடிக்கும் துப்பாக்கி தானாக நின்ற பிறகு, கணக்கை முழு ரூபாயாக்க இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். அப்படி அடிக்க இடங்கொடுக்காதீர்கள். தாங்கியின் ஆவியை உறிஞ்ச வைத்திருக்கும் கரி நிரப்பிய பெட்டிக்குள் பெற்றோல் திரவமாகவே போய்விட்டால், அது கெட்டு மணக்கத் தொடங்கும்.

வெளிக்காற்று உள்ளே வரும்படி விசிறியைப் போட்டால் மணக்கிறது, அல்லது ஓடிச் சூடேறி நிறுத்தியதும் மணக்கிறது என்றால் பொனட்டைத் திறவுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள துவாரத்தால்தான் காற்று உள்ளே போகிறது. இயந்திரப் பக்கம் கசிந்தால் நேரே உங்கள் முகத்துக்கு வரும். உங்கள் கராஜ்காரர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். இன்ஜெக்டர் (இயந்திரத்துக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் உறுப்பு) உள்ள காரில் பெற்றோல் குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இயந்திரம் ஆறி நிற்கும்போது பார்த்தால் எல்லாம் காய்ந்துதான் இருக்கும். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். பம்ப் இரண்டு மூன்று வினாடி இரையும். அந்த நேரத்தில் மற்றவர் ஹோஸ் மூட்டுகளையும் இன்ஜெக்டர் அடிகளையும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. டோர்ச் மட்டும் பாவியுங்கள். வயர் இழுத்த குமிழ் விளக்கு உடைந்தால் அதுவே தீப்பொறி. அருகில் உலர்தூள் தீயணைப்பான் இருக்கட்டும்; பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கார் நிற்கிறதென்றால் எலியையும் மறக்காதீர்கள். மல்லாவியில் உறவினர் ஒருவரின் காரில் ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், வரிசையாகப் பல்தடம் இருந்தது. மேலே புத்தம் புதிதுபோல் இருந்த ஹோஸ் அது.

ஹோஸ் மாற்றும்போது தண்ணீர்க் குழாய், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் எதையும் போட அனுமதிக்காதீர்கள். பெற்றோல் பட்டு அது இறுகிப் பிளந்துவிடும். இன்ஜெக்டர் அழுத்தத்துக்கென்றே செய்த ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். கழற்றுமுன் பம்பின் பியூஸை எடுத்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள்.

யன்னல் திறந்து ஓடும்போது மட்டும் மணந்தால் அது பெரும்பாலும் புகை. டிக்கிக் கதவின் றப்பர் போயிருக்கும். புகையோடு வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை என்பதால் இதையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஓடினாலும் நின்றாலும் எப்போதும் மெலிதாக மணக்கிறதா? எப்போதோ டிக்கியில் கான் கவிழ்ந்திருக்கும். கம்பளத்தைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி ஓரிரவு விட்டுத் தட்டிவிடுங்கள். அடியிலுள்ள பஞ்சு ஊறியிருந்தால் அதை எறிவதுதான் வழி.

திருத்தும்வரை காரை ஓடவேண்டாம். அடுப்படியிலிருந்து விலக்கி வெளியில் நிறுத்துங்கள். திருத்திய பின் தாங்கியை நிரப்பி, மேடு பள்ளமான வீதியில் கொஞ்சத் தூரம் ஓடி, இரவு முழுவதும் யன்னல்களைப் பூட்டி வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சில் பெற்றோல் இல்லையென்றால் பிள்ளைகளை ஏற்றலாம்.