இருபது டாலருக்குள் ஆஸ்திரேலிய ஒயின்: வாசகர் கேள்வி-பதில்

கே: 20 டாலருக்குள் வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது?

முதலில் ஊர்ப் பெயரை. ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று மட்டும் இருந்தால், திராட்சை ஐந்து மாநிலங்களில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பெரும்பாலும் ரிவர்லாண்ட், ரிவரினா போன்ற வெப்பமான, பாசனத் தோட்டங்களிலிருந்து. குடிக்கலாம், ஆனால் மண்ணின் குணம் தெரியாது. லேபிளில் ஊர், திராட்சை வகை, ஆண்டு போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எங்கள் கட்சி: இந்த விலையில் வெள்ளை ஒயின்தான் லாபம். கிளேர் வேலி ரீஸ்லிங், ஹண்டர் வேலி செமியோன் ஆகிய வெள்ளைத் திராட்சை ஒயின்களுக்குப் புது ஓக் மரப் பீப்பாய்ச் செலவு கிடையாது. கொடுத்த காசு பழத்துக்கே போகிறது. சிவப்பில் மக்லாரன் வேல் ஊரின் கிரெனாஷ் வகையைத் தேடுங்கள். பதக்க ஸ்டிக்கரை நம்புவதற்கு முன் அது எந்த ஆண்டு ஒயினுக்குத் தரப்பட்டது என்று படியுங்கள்.

கே: வீட்டிலேயே நாலைந்து பாட்டில்களை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து, வேறொருவரை எண் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளாஸ், தலா 50 மில்லி. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு.

பலரும் சறுக்குவது வெப்பநிலையில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வெள்ளையில் மணமே எழாது, மட்டமான ஒயினும் தப்பித்துக்கொள்ளும். 20 நிமிடம் வெளியே வைத்து 10 முதல் 12 டிகிரியில் சுவையுங்கள். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி. கோடையில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும்.

கிளாஸை அசைக்காமல் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். ஒரு வாய் எடுத்து, பத்து விநாடி வாயெல்லாம் பரவவிட்டுத் துப்புங்கள். 14 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் எட்டு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’குக்கு (ஆஸ்திரேலியக் கணக்கில் ஒன்று 10 கிராம் ஆல்கஹால்) மேல் இருக்கிறது, விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது கிளாஸுக்குக் கொடுக்கும் மதிப்பெண் செல்லாது. புளிப்புக்கு எச்சில் ஊறும், டானினின் துவர்ப்பு ஈறுகளை உலர்த்தும், ஆல்கஹால் தொண்டையைச் சுடும். இவை ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதே கேள்வி. பழச்சுவை சட்டென்று நின்று புளிப்பு மட்டும் தனியாகத் துருத்தினால் அது சாதாரண ஒயின். புளிப்பைக் கூட்ட டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் அனுமதிக்கப்பட்ட வழக்கம். அளவு தப்பினால் இப்படித்தான் தெரியும். பழமே இல்லாமல் வெனிலா, தேங்காய் வாசம் தூக்கலாக இருந்தால் ஓக் சில்லுகள் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். எஞ்சிய சர்க்கரையால் குறையை மூடும் சிவப்புகளும் உண்டு. மீதியை மூடிவைத்து மறுநாள் சுவையுங்கள். மூடி மறைத்த இனிப்பு அப்போது திகட்டும்.

கே: திருகு மூடி பாட்டிலிலும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே?

அது கந்தகச் சேர்மங்கள். காற்று புகாத மூடிக்குள் அவை வெளியேற வழியில்லை. ஒரு ஜாடியில் ஊற்றி நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். போகாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஈர அட்டை வாடை கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மத்தால் வருவது, அதற்கு வைத்தியம் இல்லை. நகப்பூச்சு நீக்கி வாடையும் கெட்டதுதான். ஆனால் பழைய ரீஸ்லிங்கில் லேசான மண்ணெண்ணெய் மணம் அதன் இயல்பு. அடியில் தங்கும் கண்ணாடித்தூள் போன்ற படிகங்களும் டார்டாரிக் உப்புதான், பயப்பட வேண்டாம்.

கே: காரக் கோழிக்குழம்போடு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் எரிகிறது. எது பொருந்தும்?

14.5 சதவீத ஆல்கஹாலும் டானினும் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். லேசாக இனிக்கும், 12 சதவீதத்துக்குள் இருக்கும் ரீஸ்லிங் எடுங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால், டானின் குறைந்த இளம் கிரெனாஷை 14 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றுங்கள்.