ரோமில் ஒரே நாள்: வத்திக்கானும் கொலோசியமும்

30 மாணவர்களோடு ரோமில் ஒரு புதன்கிழமை மட்டும், வத்திக்கான், கொலோசியம் இரண்டும் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் புதன்தான் இடிக்கிறது. அன்று காலை வழக்கமாகப் போப் மக்களைச் சந்திப்பார். அந்த நேரத்தில் வத்திக்கானில் உள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. அதனால் காலையில் கொலோசியம், மதியத்துக்கு மேல் வத்திக்கான். இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். மெட்ரோவில் தெர்மினி நிலையத்தில் வண்டி மாறும்போது தலையை எண்ணுங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டார்கள்! பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பையில் ஒரு துப்பட்டா போதும். அப்புறம், தண்ணீருக்குக் காசைக் கரைக்காதீர்கள். தெருவோர இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் பீறிடும், அப்படியே குடிக்கலாம்.