தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறலாமா?

கேள்வி: நான் செல்ல வேண்டிய வெளிநாட்டு நகரத்துக்கு நேரடி விமானம் இல்லை. வழியில், வேறொரு நாட்டில் உள்ள பெரிய விமான நிலையத்தில் பட்ஜெட் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டணத்தைக் குறைத்திருக்கின்றன. அதுவரை ஒரு நிறுவனத்திலும் அங்கிருந்து மற்றொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் எடுப்பதில் ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. இடையில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் இரண்டரை மணி நேர இடைவெளியில் வேண்டாம். இந்த விலை எப்படிச் சாத்தியமாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

பழைய பாணி நிறுவனங்கள் தம் மைய விமான நிலையத்தில் பல ஊர்களிலிருந்து வரும் விமானங்களை ஒரே நேரத்தையொட்டி இறக்கி, பயணிகளும் பெட்டிகளும் மாறுவதற்கு அவகாசம் கொடுத்து, பிறகு அடுத்தடுத்து அனுப்புகின்றன. இதற்குக் கூடுதல் ஊழியர்களும், தரையில் காத்து நிற்கும் விமானங்களும் தேவை. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட், இந்தச் செலவைத் தவிர்த்து, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நேராகப் பறப்பது, ஒரே வகை விமானத்தைப் பயன்படுத்துவது, தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் மீண்டும் கிளப்புவது என்ற முறையை வளர்த்தெடுத்தது. ஐரோப்பாவில் ரையன்ஏர், ஈஸிஜெட், ஆசியாவில் ஏர்ஏசியா போன்றவை பின்னர் அதே வழியில் வளர்ந்தன. ஆகவே இந்நிறுவனங்கள் பெரிய மையத்துக்கு வந்து போட்டியிடும்போதும், அவற்றில் பெரும்பாலானவை விற்பது ஓர் இருக்கையை மட்டுமே. அடுத்த விமானத்தோடு இணைத்துவிடும் பொறுப்பை அல்ல. நீங்கள் மிச்சப்படுத்தும் பணத்தில் பெரும்பகுதி, அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்வதற்கான ஈடுதான்.

அந்தப் பொறுப்பு நடைமுறையில் இப்படி வந்து சேரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. பெரும்பாலும் டிக்கெட் பணம் திரும்பாது. முதல் நிறுவனமோ உங்களை மைய நிலையம் வரை கொண்டு சேர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி நெடுந்தாமதத்துக்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கிடைக்கக்கூடும் என்றாலும், இறுதி ஊரைச் சேரும் நேரத்தை வைத்துத் தாமதத்தைக் கணக்கிடுவது பயணம் முழுவதும் ஒரே முன்பதிவில் இருக்கும்போதுதான்.

பெட்டி, விசா ஆகிய இரண்டிலும்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். செக்-இன் செய்த பெட்டி பொதுவாக மைய நிலையத்திலேயே வெளியே வந்துவிடும். நீங்கள் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கவுன்டர் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படலாம். குடிநுழைவைக் கடப்பது அந்த நாட்டுக்குள் நுழைவதாகும் என்பதால், உங்கள் கடவுச்சீட்டுக்கு அங்கே நுழைவு விசா தேவையா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். முதல் நிறுவனத்துக்கு நீங்கள் மைய நாட்டுக்குச் செல்லும் பயணி மட்டுமே. தேவையான விசா கையில் இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே இடத்திலிருந்துதான் பறக்கின்றனவா என்பதும் முக்கியம். பாங்காக்கில் ஏர்ஏசியா டோன் முவாங் நிலையத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. நெடுந்தூர விமானங்கள் பலவும் இறங்குவது நகரின் மறுபக்கத்தில் உள்ள சுவர்ணபூமியில். கோலாலம்பூரில் பட்ஜெட் விமானங்களுக்கென 2014-இல் திறக்கப்பட்ட டெர்மினல், பழைய டெர்மினலிலிருந்து ரயிலேறிச் செல்ல வேண்டிய தொலைவில் உள்ளது. டிக்கெட்டில் உள்ள விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் டெர்மினல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வேறு நாட்டில், செக்-இன் பெட்டியோடு மாறுவதானால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியை நான் பரிந்துரைப்பேன். கைப்பை மட்டும் என்றால் நான்கு. முதல் பயணத்துக்குக் காலையின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விமானம் நாள் முழுவதும் ஊர் ஊராகப் பறப்பதால், காலையில் நேர்ந்த சிறு தாமதமும் மாலைக்குள் பெரிதாகிவிடும். இரண்டாவதாக எடுக்கும் விமானம் அந்த நாளின் கடைசி விமானமாக இருக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் பறக்கும் சேவை என்றால், எவ்வளவு மலிவானாலும் நான் எடுக்க மாட்டேன்.

போட்டியில் குறைந்த கட்டணம் நீடிக்கும் என்றும், போட்டியிடும் எல்லா நிறுவனங்களும் நிலைத்திருக்கும் என்றும் நம்பிப் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்ட வேண்டாம். பிராங்பர்ட் நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹான் நிலையத்தைப் பயன்படுத்திவந்த ரையன்ஏர், 2017-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் கோட்டையான பிராங்பர்ட் பெரிய நிலையத்துக்கே வந்தது; நிலையக் கட்டணம் உயர்வதைக் காரணம் காட்டி 2022-இல் அங்கிருந்து வெளியேறியது. ஐஸ்லாந்தை மையமாக வைத்து மிகக் குறைந்த கட்டணத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த வாவ் ஏர், 2019 மார்ச்சில் திடீரென நின்றுபோனது. ஒரு நிறுவனம் சேவையை ரத்து செய்தால் அந்த டிக்கெட்டின் பணம் திரும்பக் கிடைக்கலாம். மற்றொரு நிறுவனத்திடம் எடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோரும் வழியாவது இருக்கும். பயணக் காப்பீடு எடுத்தால், தனித்தனி டிக்கெட்டில் இணைப்பைத் தவறவிடுவதற்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது.

இப்போது உங்கள் கணக்கை மறுபடியும் போடுங்கள். இரண்டு நிறுவனங்களிலும் பெட்டிக்கான கட்டணம், இருக்கைக் கட்டணம், விசா, காத்திருக்கும் நேரத்தில் உணவு ஆகியவற்றைச் சேர்த்த பிறகும், கடைசி நேரத்தில் புதிதாக ஒரு டிக்கெட் வாங்கும் அளவுக்கு மிச்சம் இருந்தால், ஐந்து மணி நேர இடைவெளியோடு தனித்தனியாகவே எடுக்கலாம். குறித்த நாளில் சேர்ந்தே ஆக வேண்டிய தேர்வோ நேர்காணலோ இருந்தாலும், வயதான பெற்றோர் உடன் வந்தாலும், ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அல்லது மைய நகரில் ஓர் இரவு தங்கி மறுநாள் புறப்படுங்கள்.