அரளியும் சிப்பிப்பாறைக் குட்டியும்

கேள்வி: மூன்று மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். பூனையும் உண்டு. வாசலில் சாமிக்குப் பறிக்க வைத்த செவ்வரளி, காம்பவுண்ட் ஓரம் பொன்னரளி, உள்ளே மணி பிளான்ட். "விஷச் செடியை நாய் தொடாது, அதுக்கே தெரியும்" என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துவிடவா?
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி அம்மா. பச்சை அரளி இலை கசக்கும், வளர்ந்த நாய் பெரும்பாலும் துப்பிவிடும். ஆனால் உங்கள் குட்டிக்கு இனிமேல்தான் பால் பல் விழுந்து புதுப் பல் வரும். ஈறு ஊறலில் செருப்பு, துடைப்பம் என்று எது கிடைத்தாலும் கடிக்கும்.

நான் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்தபோது ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு குட்டியைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாசல் அரளியைத் தறித்து, கிளைகளை அங்கேயே காயப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்க் கடித்திருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நான்கு துடிப்பு, ஓர் இடைவெளி, இரண்டு துடிப்பு, மறுபடி நீண்ட இடைவெளி. அரளி விஷம் இதயத்தைத்தான் பிடிக்கும். காய்ந்தாலும் அது போவதில்லை; கசப்பு குறைவதால் காய்ந்த இலையைத் தின்பதும் எளிது. வாந்தி எடுக்கட்டும் என்று வீட்டில் உப்புத் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார்கள். அது நுரையீரலில் இறங்கி நெஞ்சு கரகரத்தது. அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அதைத் தூக்கி வந்த சின்னப் பையன் துண்டை விடவேயில்லை.

அதனால் பொன்னரளியை எடுத்துவிடுங்கள். அதன் காயும் கொட்டையும் கீழே உருளும், குட்டிக்குப் பந்து மாதிரி. செவ்வரளி சாமிக்கு வேண்டும் என்றால், ஒரு போத்து வெட்டிப் பெரிய தொட்டியில் ஊன்றி மொட்டை மாடியில் வையுங்கள், படிக்கதவைச் சாத்தியே வையுங்கள்; வாசல் செடியை எடுத்துவிடுங்கள். வெட்டிய கிளையைத் தெருவிலும் போடாதீர்கள், ஆடு மாடு தின்னும். பூப் போட்டு வைத்த தண்ணீரையும் தரையில் வைக்காதீர்கள்.

மணி பிளான்ட் வாயை எரிக்கும், எச்சில் ஒழுகும். உயிருக்கு ஆபத்து அரிது. உயரத்தில் தொங்கவிட்டால் போதும். பூனை இருப்பதால் பூங்கொத்தில் வரும் லில்லியை மட்டும் வீட்டுக்குள் விடவே வேண்டாம். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தொட்டிச் செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறீர்களா? அந்த வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். அதிலும் கொட்டையின் விஷம் இருக்கலாம். வேப்பம் புண்ணாக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அப்படியும் எதையாவது கடித்துவிட்டால், வாயில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து எடுங்கள். உப்பு, புளி, பால், எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். வாந்தி வருகிறதா என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே அருகிலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம். கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் மருத்துவர் நேரே வைத்தியத்தைத் தொடங்கிவிடுவார்.