பற்றரி மாற்றிய பிறகு கியர் உதைக்கிறதா?

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 2003 ஆம் ஆண்டு ஜப்பான் கார், நான்கு கியர் ஓட்டோ. போன கிழமை பற்றரி செத்துப்போய்ப் புதிது போட்டேன். அன்று பின்னேரமே தொடங்கிவிட்டது. இரண்டாம் கியரில் இருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு உதை. நின்ற இடத்தில் 'டி'யில் போட்டாலும் 'டக்' என்று இடிக்கிறது. கியர்பொக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் கராஜில். சம்மதிக்கலாமா?"

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். பற்றரி மாற்றியதால் எந்தக் கியர்பொக்ஸும் உடைவதில்லை. உங்கள் காரின் கொம்பியூட்டர் தான் படித்து வைத்திருந்ததை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓட்டோ கியர்பொக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, அது தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது, கியர் மாறுகிறது. கார் புதிதாக இருக்கையில் பிஸ்டன் நகர வேண்டிய தூரம் கொஞ்சம்தான். தட்டுத் தேயத் தேய அந்தத் தூரம் கூடும், அதை நிரப்பக் கூடுதல் ஒயிலும் நேரமும் வேண்டும். இதைக் கொம்பியூட்டர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே போகும் தண்டின் வேகத்தையும் வெளியே வரும் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு, கியர் மாற எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கிறது. எஞ்சின் சுற்று வீணாக ஏறினால் அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டும், உதைத்தால் குறைக்கும். இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்களைச் சேர்த்துச் சேர்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இந்த ஞாபகம் பற்றரி மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கும். முனையைக் கழற்றினால் போயிற்று. கொம்பியூட்டர் தொழிற்சாலையில் கொடுத்த கணக்குக்கே திரும்பிவிடும். அந்தக் கணக்கு புதிய கியர்பொக்ஸுக்கு எழுதியது. உங்களுடையதோ 20 வருடத்துக்கு மேல் ஓடியது. இத்தனை வருடத் தேய்மானத்தைக் கொம்பியூட்டர் உங்களுக்குத் தெரியாமலே சரிக்கட்டி ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திருத்தம் இல்லாமல்போனதும் தேய்மானம் வெளியே தெரிகிறது. பற்றரி நோயைக் கொண்டுவரவில்லை, இருந்ததைக் காட்டிவிட்டது.

'டி'யில் போடும்போது இடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றுக் கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதும் கற்ற பாடம்தான். காற்றுவழியில் கரி படிந்த பழைய எஞ்சின் அதை மறந்தால் சுற்று ஏறி இறங்கும். ஏறிய சுற்றில் கியர் போட்டால் இடிக்கத்தான் செய்யும். ஆகவே முதலில் எஞ்சினுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தி, 'பி'யில் வைத்து எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். சூடேறிய பின் இன்னும் 10 நிமிடம் அக்சிலேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஹொண்டா கார்களுக்கு முறை கொஞ்சம் வேறு: 3000 சுற்றில் பிடித்து, ரேடியேற்றர் விசிறி ஓடத் தொடங்கியதும் விட்டு, 5 நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

பிறகு வீதிக்கு எடுங்கள். கியர் ஒயில் சூடான பின்தான் பாடம் ஒழுங்காக ஏறும், ஆகவே முதல் சில கிலோமீற்றரை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். உங்களுக்கு நிலாவெளி வீதியே போதும். விடியற்காலையில் குச்சவெளிப் பக்கம் போங்கள். அக்சிலேட்டரை மெதுவாக, ஒரே அளவில் மிதித்து, நான்கு கியரும் ஒவ்வொன்றாக மாறவிட்டு 60, 70 வரை போங்கள். பிறகு காலை எடுத்து, பிரேக்கை மெல்லப் பிடித்து முழுதாக நிறுத்துங்கள். இதையே பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். நடுவில் உதைத்தாலும் கோபத்தில் அழுத்தி மிதிக்காதீர்கள்; நீங்கள் ஓட்டும் விதத்தைப் பார்த்துத்தான் அது படிக்கிறது. நான் பார்த்த கார்களில் பெரும்பாலானவை 100, 150 கிலோமீற்றருக்குள் பழைய நிலைக்கு வந்திருக்கின்றன.

இவ்வளவும் செய்யுமுன் பற்றரி முனைகளைப் பாருங்கள். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். உப்புக் காற்றில் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். புதுப் பற்றரி போட்டவர்கள் பழைய கவ்வியைத் துடைக்காமலே மாட்டிவிடுவதும் உண்டு. மூதூரில் இருந்து ஒரு வான் வந்தது: பின்னேரம் கியர் சீராக இருக்கும், மறுநாள் காலை மறுபடி உதைக்கும். கியர்பொக்ஸைக் கழற்றும் யோசனையில் இருந்தார்கள். பார்த்தால், எதிர் (மைனஸ்) முனையின் கவ்வி கையால் திருப்பினாலே சுற்றியது. ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணும்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்து ஞாபகம் அழிந்துகொண்டிருந்தது. சுடுநீரில் அப்பச்சோடா கரைத்து முனையைக் கழுவி, காயவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் பூசினோம். அதோடு சரி.

கழற்றும்போது எதிர் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கிட்ட வர வேண்டும். அது வரவில்லை என்றால் கியரைப் பற்றிக் கதைக்குமுன் அல்டர்னேற்றரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வேறு வாகனம் இருந்தால் இதே கதையை அதற்கும் பொருத்த வேண்டாம். புதிய கார்கள் பல, கற்றதை மின்சாரம் போனாலும் அழியாத மெமரி சிப்பில் எழுதி வைக்கின்றன. அவற்றில் பற்றரி மாற்றிய பின் உதைத்தால் சந்தேகம் முனையிலும் வோல்ட்டிலும்தான் விழ வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற டொயோட்டா ஹைபிரிட்டுகளில் கியர் படிப்படியாக மாறுவதே இல்லை, ஆகவே இந்தப் பாடமும் இல்லை. கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் சின்னக் கார்களிலும் இரட்டைக் கிளட்ச் கார்களிலும் கிளட்ச் தொடும் புள்ளியை, காரின் கொம்பியூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வைத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டி வரலாம்; வீதியில் ஓட்டிப் பழக்க முயன்று கிளட்சை எரிக்காதீர்கள்.

இரண்டு கிழமை ஓட்டியும் உதை குறையவில்லை, 'டி'யில் போட்டு இரண்டு மூன்று செக்கன் கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது, கியர் விளக்கு மினுங்குகிறது, அல்லது ஒயில் கருத்து எரிந்த மணம் வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் கராஜுக்குப் போங்கள். போனதும் முதலில் ஸ்கேன் பண்ணி, கொம்பியூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீட்டை (கோட்) காட்டச் சொல்லுங்கள், ஒயில் அளவைக் கைநூலில் சொன்ன முறைப்படி பார்க்கச் சொல்லுங்கள். கோட் எதுவும் இல்லாமல், ஒயிலும் பார்க்காமல் இறக்குவோம் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு வேறு கராஜுக்குப் போங்கள்.