ரயில் ஸ்பிரிங் உருக்கு: முத்திரை எதுவரை பேசும்?

கேள்வி: ரயில் பெட்டிக்கான சுருள் ஸ்பிரிங் செய்ய உருக்குக் கம்பி வாங்கப் போகிறோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதுமா? – பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: முத்திரை கட்டாயம் வேண்டும். ஆனால் அது கம்பிக்குத்தான், நீங்கள் செய்யும் ஸ்பிரிங்குக்கு அல்ல. ஸ்பிரிங்குக்கான விவரக்குறிப்பு லக்னோவில் உள்ள, ரயில்வேயின் ஆய்வு, வடிவமைப்பு, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வுடையது. கம்பியில் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும். சுருள் ஸ்பிரிங் உருக்கென்றால் 3195, பட்டை ஸ்பிரிங் உருக்கென்றால் 3885. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, முத்திரை வழங்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு, உரிமம் யார் பெயரில், இன்னும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். அதோடு விடாமல் உரிமத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கும் கிரேடும் (உருக்கு வகை) விட்டமும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஒரு ஆலைக்கு உரிமம் இருப்பதால் அங்கே உருட்டும் எல்லாக் கம்பிக்கும் முத்திரை செல்லும் என்று ஆகாது.

அடுத்தது ஹீட் நம்பர், அதாவது ஒரே தடவையில் உருக்கிய உருக்குக்கு ஆலை தரும் எண். டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள எண்ணும் கம்பி முனையில் குத்திய எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் காகிதம் அந்தக் கம்பிக்கு உரியது. பட்டறைக்குள் வந்த பிறகுதான் இது பெரும்பாலும் தொலைகிறது. நீளக் கம்பியை நாலு துண்டாக வெட்டினால் ஒரு துண்டில்தான் எண் நிற்கும், மற்ற மூன்றும் அநாதை. வெட்டு விழுமிடங்களைக் குறித்துக்கொண்டு, வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டின் முனை முகத்திலும் எண்ணைக் குத்திவிடுங்கள். கம்பியின் உடலில் குத்தாதீர்கள். அந்தப் பள்ளத்திலிருந்தே பின்னால் விரிசல் கிளம்பும்.

கேள்வி: 60எஸ்ஐ7, 52சிஆர்4எம்ஓ2வி என்ற உருக்கு வகைப் பெயர்கள் எதைச் சொல்கின்றன? – பாலிடெக்னிக் மாணவி, சேலம்

பதில்: முதல் எண்ணை நூறால் வகுத்தால் கார்பன் சதவீதம் கிடைக்கும். சிலிக்கான் (எஸ்ஐ), குரோமியம் (சிஆர்) இவற்றுக்குப் பின்னுள்ள எண்ணை 4-ஆலும், மாலிப்டினத்துக்கு (எம்ஓ) பின்னுள்ளதை 10-ஆலும் வகுக்க வேண்டும். அப்படியானால் முன்னது சுமார் 0.60% கார்பன், 1.75% சிலிக்கான். பின்னது 0.52% கார்பன், 1% குரோமியம், 0.2% மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம். தடிமனான கம்பியை எண்ணெயில் குளிர்விக்கும்போது சிலிக்கான் உருக்கு நடுவரை கடினமாகாமல் போகலாம். அதனால்தான் பெரிய விட்டங்களுக்கு இரண்டாவது வகையைக் கேட்கிறார்கள்.

கேள்வி: ஆலையின் சர்டிபிகேட்டில் கார்பன் சரியாக இருக்கிறது. தீப்பொறி வைத்து உருக்கின் கலவையை அளக்கும் எங்கள் ஸ்பெக்ட்ரோ கருவியில் குறைவாக வருகிறது. சரக்கைத் திருப்பி அனுப்பலாமா? – தரக் கட்டுப்பாட்டு ஊழியர், ஒசூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் நீங்கள் தீப்பொறி வைத்த இடம் எது என்று பாருங்கள். கம்பியின் மேல்தோலில் வைத்திருந்தால் கார்பன் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் உருட்டும் சூட்டில் தோலில் உள்ள கார்பன் எரிந்துபோகிறது. குளிர்நீர் ஊற்றி அறுப்புச் சக்கரத்தால் குறுக்கே வெட்டுங்கள். கேஸ் கட்டிங் கூடாது. முகத்தை அலுமினா தாளில் தேயுங்கள். சிலிக்கான் கார்பைடு தாளைப் பயன்படுத்தினால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு கார்பனையும் சிலிக்கானையும் கூட்டிக் காட்டும். பிறகு மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்று இடத்தில் பொறி வையுங்கள். அங்கேயும் குறைந்தால் ஆலைக்கு எழுதுங்கள். சர்டிபிகேட்டில் இருப்பது உருகிய நிலையில் எடுத்த மாதிரியின் அளவு. கம்பியில் எடுக்கும் சோதனைக்குத் தரநிலையே சிறு வித்தியாசத்தை அனுமதிக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆனால் தோலில் கார்பன் குறைந்ததை ‘அது தோல்தானே’ என்று தள்ளிவிடாதீர்கள். உண்மையான ஆபத்து அதுதான். சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கின் அழுத்தம் மையத்தில் பூஜ்யம், தோலில் உச்சம். அந்த உச்சத்தைத் தாங்க வேண்டிய இடம்தான் கார்பன் இழந்து மென்மையாக இருக்கிறது. சிலிக்கான் உருக்கில் இந்த இழப்பு இன்னும் அதிகம். கண்டுபிடிக்க, குறுக்குத் துண்டை பேக்கலைட் பிளாஸ்டிக்கில் பதித்து, விளிம்பு உருண்டுவிடாமல் மெருகேற்றி, 2% நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) நனைத்து, நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். கருத்த பரப்பின் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அதுவே கார்பன் இழந்த பகுதி. ஆழத்தில் தகராறு வந்தால், கடினப்படுத்திய துண்டில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மைக்ரோ விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனை எடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கம்பி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனாலும் ஸ்பிரிங் முறிந்தது. யார் பொறுப்பு? – வாசகர், ஈரோடு

பதில்: முறிந்த முகம் சொல்லும். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், தேய்ந்துவிடும். முகத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யவும் கூடாது. விரிசல் தொடங்கிய புள்ளியைத் தேடுங்கள். அது கம்பியின் நீளவாக்கில் ஓடும் கோட்டில் இருந்தால், உருட்டும்போதே வந்த மடிப்பு அல்லது கீறல் என்று சந்தேகிக்கலாம், ஆலையிடம் கேட்க இடமுண்டு. முனைச் சுருளின் நுனி அடுத்த சுருளோடு உரசும் இடத்தில் இருந்தால் முனையைச் சீவிய விதத்தையும் தேய்த்த விதத்தையும் பாருங்கள். துருக் குழியில் இருந்தால் பெயின்ட் உரிந்த இடம் எது என்று பாருங்கள். தொடங்கிய இடத்தில் வெள்ளை வளையம் இருந்தும், வாங்கிய கம்பியில் அது இல்லையென்றால், உங்கள் உலையில் கம்பி தேவைக்கு மேல் நேரம் கிடந்திருக்கிறது. சுருட்டும் இயந்திரம் நின்ற நாள்களின் உலைப் பதிவை எடுத்து, முறிந்த ஸ்பிரிங்கின் ஹீட் நம்பரோடு சேர்த்துப் பாருங்கள்.