குழி தோண்டச் சொல்வது யார்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு டாக்டர் வீட்டு கராஜில், கலைக்கப்பட்ட கருக்கள் ஆயிரக்கணக்கில் கிடந்ததாமே! அதனால்தான் இந்தியானா மாநிலத்தில், கருவை மருத்துவக் கழிவோடு சேர்க்காமல் புதைக்கவோ தகனம் செய்யவோ வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. பெண்ணுரிமை பேசுகிறவர்கள் இதைக்கூட எதிர்த்தார்கள். குழி தோண்டி மரியாதையாகப் புதைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் தேதிகளைப் பார்த்துவிடுவோம். இந்தியானா சட்டத்தில் அன்றைய ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திட்டது 2016 மார்ச்சில். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது 2019 மே மாதம். நீங்கள் சொல்லும் கராஜ் திறக்கப்பட்டது அதே ஆண்டு செப்டம்பரில். கராஜைப் பார்த்துப் பதறிப்போய் எழுதிய சட்டம் இல்லை இது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் குமட்டியது. உல்ரிச் குளோப்ஃபர் என்ற அந்த டாக்டர் இந்தியானாவில் கருக்கலைப்பு செய்தவர். அவர் இறந்தபின் பக்கத்து மாநிலமான இல்லினாயில் உள்ள அவருடைய வீட்டில் அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடைத்தன. காரில் இருந்தவற்றையும் சேர்த்து 2,411 கருக்கள் என்று கணக்கு. பெரும்பாலும் 2000 முதல் 2002 வரையிலானவை. 2020 பிப்ரவரியில் சவுத் பெண்ட் ஊரில் அடக்கம் செய்தார்கள். அவர் செய்தது அயோக்கியத்தனம். ஆனால், மருத்துவக் கழிவைப் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது பழைய விதிகளின்படியே குற்றம்தான். இருந்த விதியையே மதிக்காத ஆளைக் காட்டி, ஒழுங்காக நடக்கிற மருத்துவமனைகள் மேல் புது விதியைச் சுமத்துவதில் என்ன நியாயம்?

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணை நடத்தாமலே, சில பக்கங்களில் முடித்துவிட்ட தீர்ப்பு அது. மாநிலத்துக்கு இப்படி ஒரு சட்டம் போட ஏதாவது காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பெண்களுக்கு இது தாங்க முடியாத சுமையா என்ற வாதத்தை அந்த வழக்கில் யாரும் வைக்கவில்லை, அதனால் நீதிமன்றம் அதற்குள் போகவே இல்லை.

டெக்சஸில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் வழக்குப் போட்டார்கள். அந்தக் கதை இன்னும் வெளிப்படையானது. 2016 ஜூன் 27 அன்று, கருக்கலைப்பு நிலையங்களை நெருக்கிய டெக்சஸ் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வாரம் முடிவதற்குள் மாநில சுகாதாரத் துறை, கருவுக்கு அடக்கம் அல்லது தகனம் என்று புது விதியை முன்மொழிந்தது! அது கோர்ட்டில் நிற்காமல் போகவே, 2017-இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டப்படி நீராவியில் கிருமி நீக்கிப் புதைத்தாலும் சரிதான். வீட்டில் கரு கலைந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் உறைய வைத்து, பிறகு வேண்டாம் என்று அப்புறப்படுத்தும் கருக்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உயிருக்கு மரியாதைதான் நோக்கம் என்றால், அந்த மரியாதை ஆஸ்பத்திரி வாசலோடு ஏன் நின்றுபோகிறது? 2018-இல் நீதிபதி டேவிட் எஸ்ரா அதை ரத்து செய்தார் (அந்தத் தீர்ப்பை 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது). சட்டம் கேட்கிற மாதிரி அப்புறப்படுத்தித்தர நம்பகமான ஏற்பாடு மாநிலத்தில் இல்லை, அது இல்லாமல் நிலையங்கள் மூட வேண்டிவரும் என்பது அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று.

அமெரிக்காவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் முதல் 13 வாரங்களுக்குள் நடப்பவை. எட்டு வாரக் கரு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை இழந்த ஒருத்தி பெயர் வைத்து அழலாம். இன்னொருத்தி அதைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைக்கலாம். ஆசையாகச் சுமந்து, தானாகக் கலைந்துபோனவளும் இந்தச் சட்டங்களுக்குள் வருகிறாள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரத்தப்போக்கோடு படுத்திருப்பவளிடம் போய், நீ இழந்தது ஒரு ஆள், அதற்கு ஈமக்கிரியை உண்டு என்று அரசாங்கம் அறிவிப்பதை மரியாதை என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் கேள்வியில் கருவைப் பற்றி இவ்வளவு அக்கறை இருக்கிறது, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே ஐயா.

இதற்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 2014-இல், சில பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கருக்களைக் கழிவோடு எரித்து, அந்த வெப்பத்தைக் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்தியது அம்பலமானது. நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு அங்கே மனிதத் திசு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது. புதைக்கலாம், தகனம் செய்யலாம், தனியாக எரியூட்டியில் எரிக்கலாம். எது வேண்டும் என்பதை அந்தப் பெண் சொல்வாள். அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை என்றால் அதுவும் அவள் இஷ்டம், மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியானா சட்டம் கையெழுத்தான அதே மார்ச் மாதத்தில் இங்கே மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 வந்தன. வெளியே பிழைக்கும் பருவத்தை எட்டாத கரு மஞ்சள் பையில் போட வேண்டியது. ரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதியான மருந்தும் அதே மஞ்சள் வகைதான். ஆறாவது மாதத்தில் பறிகொடுத்தவளிடம், "உங்களிடம் தரட்டுமா அம்மா, நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது அங்கே இருக்கிற டாக்டர், நர்ஸ் மனசைப் பொறுத்தது. அப்படிக் கேட்டே ஆக வேண்டும், அவள் சொல்கிறபடியே செய்ய வேண்டும், சொல்லப் பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரச் சொல்லி மனு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.